டிகாஷன் ஊரில் சீன இலை

ஒரு பக்கம் குடகு, சற்றுத் தள்ளிச் சிக்கமகளூரு என்று காப்பித் தோட்டங்கள் காவலிருக்கும் மைசூரில் தேயிலைக்காக வாதாடுவது அசட்டுத் துணிச்சல்தான். இருந்தும், இணையக் கடைகளின் புண்ணியத்தில் லாங்ஜிங், தியேகுவான்யின், பு-எர் என்று வாயில் நுழையாத பெயர்களோடு சீனத் தேயிலை இந்த ஊர் அடுக்களைகளையும் எட்டிப்பார்க்கிறது. வந்த வேகத்தில் பல டப்பாக்கள் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. இலையைத் தண்ணீரில் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் கஷாயம்தானே கிடைக்கும்?

இது டீத்தூள் பழக்கிய பழக்கம். 1930களில் அசாமில் பிறந்த சிடிசி எந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்குகிறது. பால், சர்க்கரை, இஞ்சி எல்லாவற்றையும் மீறி நிறமும் கடுப்பும் இறங்க வேண்டும் என்பதற்காகவே செய்த தூள் அது. முழு இலைக்கு அந்த முரட்டுத்தனம் ஆகாது.

பச்சை, ஊலாங், கறுப்பு எல்லாம் ஒரே செடிதான். நறுக்கிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதுபோலப் பறித்த இலையும் கறுக்கும். ஹாங்சோவின் லாங்ஜிங்கைச் சூடான இரும்புச் சட்டியில் கையால் அழுத்தி வறுத்து, கறுக்குமுன் தடுத்துவிடுவார்கள்; அது பச்சை. அன்சியின் தியேகுவான்யினைப் பாதியில் நிறுத்துவார்கள்; அது ஊலாங். யூனானின் பு-எர் தனிக்கதை. வருஷக்கணக்கில் கிடந்து பக்குவப்படுவது.

இதைப் போடும் வித்தையில் பாதி காப்பி வீடுகளுக்கு ஏற்கெனவே தெரியும். கொதித்த தண்ணீரை டவராவிலும் டம்ளரிலும் இரண்டு ஆற்று ஆற்றினால் ஏறக்குறைய 80 டிகிரிக்கு வந்துவிடும். பச்சைத் தேயிலைக்கு அதுவே கணக்கு. ஊலாங் 90க்கு மேல் கேட்கும். பு-எருக்குக் கொதிநீர், 770 மீட்டர் உயரத்து மைசூரில் அது 97 டிகிரிதான். 'கைவான்' என்ற மூடிபோட்ட சீனக் கிண்ணத்தில் 5 கிராம் இலை, 100 மில்லி தண்ணீர். அரை நிமிடத்துக்குள் வடித்துவிட்டு, அதே இலையில் மறுபடி ஊற்ற வேண்டும். மிளகுபோலச் சுருண்டு கிடந்த தியேகுவான்யின், மூன்றாம் ஊற்றில் காம்போடு விரிந்து கிண்ணத்தையே அடைத்துக்கொள்ளும். மூடியை முகர்ந்தால் பூவாசம். இரண்டாம் டிகாஷனை விருந்தாளிக்குக் கொடுக்க மாமிகள் கூசுவார்கள். ஊலாங்கில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் விருந்தாளிக்கு.

வித்தை சீனத்தினுடையது, சரி. இலையும் அங்கிருந்தே வர வேண்டுமா?

மைசூரிலிருந்து குண்டல்பேட்டை, பந்திப்பூர், கூடலூர் வழியாக ஊட்டிக்குப் போகும் பேருந்து நீலகிரியின் நடுவட்டத்தைக் கடக்கிறது. 1860களில் அங்கே சிங்கோனாத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். தேயிலைப் பக்குவத்தை நீலகிரிக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்களே என்பது மலைப்பக்கத்து வழக்கு. விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறி பயிரிட்டுப் பிழைத்ததை தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பில் பதிந்திருக்கிறார். பெயரும் சீனத்திலிருந்து வந்ததுதான்: தமிழின் 'தேயிலை'யில் இருக்கும் 'தே' ஃபூஜியன் கடற்கரைச் சொல். கன்னடத்தின் 'ச்சஹா' சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கும் 'ச்சா'. மைசூர்த் தெருவில் இரண்டையும் கேட்கலாம்.

நீலகிரியில் இன்றும் சின்ன இலைச் சீன வகைச் செடிகள் உண்டு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சில தோட்டங்கள் முழு இலைத் தேயிலை செய்கின்றன. ஊலாங்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் மலையின் பெரும்பங்கு இலை சிடிசி தூளாகத்தான் இறங்குகிறது. பச்சை இலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுச் சிறு விவசாயிகள் போராடுவது பழைய செய்தியாகிவிட்டது. முழு இலையைக் கேட்டு வாங்கும் நாக்குகள் பக்கத்து ஊர்களில் பெருகினாலொழிய அந்தத் தோட்டங்கள் எதை நம்பித் தூளிலிருந்து மாறும்?

நீலகிரிப் பச்சை இலையில் லாங்ஜிங்கின் வறுத்த வாசனை வராது. அதைத் தேடுகிறவர் சீன டப்பாவையே வாங்கட்டும். ஆனால் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறித்த நீலகிரி இலையைப் பால் சேர்க்காமல் ஒருமுறை ஆற்றிக் குடித்துவிட்டு அதைச் செய்யலாம். ஊட்டி வர்க்கியும் சாக்லேட்டும் திணித்துத் திரும்புகிற மைசூர்ப் பைகளில் 100 கிராம் பொட்டலத்துக்கு இடம் இல்லாமலா போகும்?