பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்



சென்ற மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி மட்டும் முகம் வாடி நின்றான். "அக்கா, நத்தாருக்கு முன்னம் எங்கட பூனையை ஆருக்காவது குடுத்துவிட வேணுமாம். அம்மா முடிவாச் சொல்லிப்போட்டா" என்றான்.

விசாரித்தேன். பூனை சாப்பாட்டு மேசையில் ஏறுகிறது, சமையல் மேடையில் நடக்கிறது. அந்தச் சனிக்கிழமை பொரித்து வைத்த மீனில் இரண்டு துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அம்மா கத்துகிறார். அப்பா தண்ணீர் அடிக்கிறார். தங்கை அழுகிறாள். "அம்மம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டேன். "அவ ஒண்டும் சொல்லமாட்டா. மேசைக்குக் கீழால மீன் குடுக்கிறதே அவதானே" என்றான்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஒரே வீட்டில் ஒரு கை விரட்டுகிறது, மற்றக் கை ஊட்டுகிறது. பூனை எதைக் கற்றுக்கொள்ளும்?

பூனை ஏன் ஏறுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். உயரத்தில் இருந்து பார்ப்பது அதன் இயல்பு. உயரம் அதற்குப் பாதுகாப்பு. நம் சமையல் மேடை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரம். அதற்கு அது ஒரு பாய்ச்சல். மேலே மீன் வாசம் இருக்கிறது, சூடு இருக்கிறது, சொட்டும் குழாய் இருக்கிறது, பேசிக்கொண்டு நிற்கும் அம்மாவும் இருக்கிறார். இத்தனையும் ஒரே இடத்தில் இருந்தால் நானும் ஏறுவேன்! அதற்குத் திருட்டு என்றால் என்னவென்று தெரியாது. போன முறை கிடைத்தது, இந்த முறையும் கிடைக்கலாம் என்பது மட்டுமே தெரியும்.

பத்து முறை ஏறி ஒரு முறை ஒரு துண்டு கிடைத்தாலும் போதும், அந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிடும். எப்போதாவது கிடைக்கும் பரிசு பழக்கத்தை விடாமல் பிடித்து வைக்கும் என்பதை ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டினார். லொத்தர் வாங்குகிறவர் விடாமல் வாங்குவதும் இதே காரணத்தால்தான்.

கத்துவதாலும் தண்ணீர் அடிப்பதாலும் என்ன நடக்கும்? பூனை மேடைக்குப் பயப்படாது, அப்பாவுக்குப் பயப்படும். அப்பா வேலைக்குப் போனதும் மேடை அதற்குத்தான்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலாவது, மேடையில் ஒன்றும் கிடைக்கக் கூடாது. சட்டிகளை மூடுங்கள், குப்பை வாளிக்கு மூடி போடுங்கள், சாப்பிட்ட கோப்பைகளை உடனே கழுவுங்கள். இரண்டாவது, அதற்கென்று ஏற ஓர் இடம் கொடுங்கள். குசினி வாசலருகே ஓர் உயரமான ஸ்டூல் போதும். அதில் ஏறி இருக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு சிறு தின்பண்டம் கொடுங்கள். மூன்றாவது, குடும்பம் மேசையில் அமருவதற்குச் சற்று முன்னரே அதன் சாப்பாட்டை அதன் கிண்ணத்தில் வையுங்கள்.

நான்காவது, மேடையில் ஏறிவிட்டால் சத்தம் போடாமல் தூக்கி அதன் ஸ்டூலில் விடுங்கள். உடனே தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுத்தால், மேடையில் ஏறினால்தான் பரிசு என்று அது கணக்குப் போட்டுவிடும். கொஞ்ச நேரம் அங்கே அமைதியாக இருந்தபின் கொடுங்கள். முதல் சில நாட்கள் முன்னையைவிட அதிகமாக ஏறும், கத்தும். அந்த நாட்களில் யாராவது மனமிரங்கி ஒரு துண்டு போட்டால் எல்லாம் மீண்டும் தொடக்கத்துக்கே போய்விடும்.

அம்மாவின் கோபத்திலும் நியாயம் உண்டு. மணல் தட்டில் நின்ற கால் அது. அதே காலோடு மேடையில் நடக்கிறது. ஆபத்து பூனைக்கும் உண்டு. அணைத்த அடுப்பின் கண்ணாடித் தட்டு நெடுநேரம் சூடாகவே இருக்கும். வெங்காயமும் உள்ளியும், சமைத்ததானாலும், பூனையின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். அப்படியானால் நம் மீன் குழம்புத் துண்டு அதற்குப் பாசமல்ல, நஞ்சு. இதை அம்மம்மாவிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஆலயத்தில் அலங்கரித்த லில்லிப் பூக்களை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் கவனியுங்கள். அதன் மகரந்தம் உரோமத்தில் பட்டு, நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். பூனை உள்ள வீட்டு மேசைக்கு லில்லி வேண்டாம். தப்பித் தவறி பட்டுவிட்டால் அந்த நிமிடமே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

இன்னொன்றும் அந்தத் தம்பியிடம் கேட்டேன். "பூனை வேணுமெண்டு கேட்டது நீ. மேடையைத் துடைக்கிறது ஆர்?" அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நம் நகரத்திலேயே, ஃப்ளீட் தெருவுக்குப் பின்னால் உள்ள கோஃப் சதுக்கத்தில் ஒரு பூனைச் சிலை இருக்கிறது. பள்ளி விடுமுறையில் போய்ப் பாருங்கள். 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட டொக்டர் சாமுவேல் ஜோன்சனின் பூனை ஹொட்ஜ் அது. அகராதியின் மேல் அமர்ந்திருக்கும். பக்கத்தில் சிப்பி ஓடுகள் கிடக்கும். 1997இல் அந்தச் சிலையை வைத்தார்கள். ஜோன்சன் ஹொட்ஜுக்கு ஒய்ஸ்டர் சிப்பி வாங்கத் தாமே கடைக்குப் போவாராம். வேலைக்காரரை அனுப்பினால், அந்தச் சிரமத்தால் அவர்கள் பூனையை வெறுத்துவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். அவருடைய வரலாற்றை எழுதிய பொஸ்வெல் இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஊரே மதித்த அறிஞர், ஆழ்ந்த பக்தியுள்ளவர், பூனைக்காகக் கடைக்கு நடந்தார். நேசிக்கிறவனே சுமையையும் சுமக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரமே தம்பி வீட்டில் எல்லாரும் ஜெபித்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். மேசையில் இருந்து ஒருவரும் ஊட்டுவதில்லை, அம்மம்மா உட்பட. அவருக்காக ஒரு சின்ன டப்பா வாங்கியிருக்கிறார்கள். பூனைக்கான தின்பண்டம் அதில் இருக்கிறது. ஸ்டூலில் இருக்கும்போது கொடுப்பது இனி அவருடைய பொறுப்பு. காலையும் மாலையும் மேடையைத் துடைப்பது தம்பியின் வேலை. அம்மா தை மாதம் வரை தவணை கொடுத்திருக்கிறார். போன ஞாயிறு கேட்டேன். "இன்னும் ஏறுது அக்கா, ஆனா குறைஞ்சிட்டுது" என்றான்.

ஒரு பூனையைப் பழக்க ஒரு குடும்பமே ஒரே சொல்லில் நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் வளரும் சின்னத் தம்பி தங்கைகளும் இப்படித்தான் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்றால் அவர்கள் கற்பது எதை?

இந்த மாதம் மத்தேயு 5:37ஐயும் நீதிமொழிகள் 12:10ஐயும் குடும்ப ஜெபத்தில் சேர்ந்து வாசியுங்கள். உங்கள் வீட்டில் மேசைக்குக் கீழே நீளும் கை யாருடையது என்றும் அன்போடு பேசிப் பாருங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் அக்கா