கடிக்கிற கிளி மேல தப்பில்லீங்க!

பெரியப்பா வீட்டுல ஒரு பச்சைக்கிளி இருந்துச்சு. ஆறாவது படிக்கும்போது கூண்டுக்குள்ள கைய விட்டேன். விரல்ல ரத்தம். எல்லாரும் திட்டினது கிளியைத்தான். "திமிரு புடிச்சது!"

கொஞ்சம் யோசிங்க மக்களே. கடிக்கிறதுக்கு முன்னாடி கிளி எச்சரிக்கும்: கண்மணி சுருங்கி விரியும், கழுத்து இறகு சிலிர்க்கும். நாமதான் கவனிக்கிறதில்லை. பயந்தா அது பறந்துடும். இறக்கையை வெட்டி, கூண்டுல பூட்டிட்டா மிச்சம் அலகு மட்டும்தானே? வரவெல்லாம் நம்ம கணக்குல. செலவுல ஒரே ஒரு கடி விழுந்ததும் கத்துறோம்!

இன்னொண்ணு. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டுல வளர்க்கிறதே 1972-ம் வருச வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆக, கடிச்சது கைதி, கடிபட்டது குற்றவாளி.

இப்பச் சொல்லுங்க, திமிர் யாருக்கு?