வணிக மடலும் பெருவிரலும்

வணிக நிலையத்தார் மின்னஞ்சல் வழியே விடுக்கும் விளம்பர மடல்களைப் பற்றித் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். (மடல் என்றவுடன் மடலூர்தலை நினைக்கும் தோழர் எம்மைப் பொறுத்தருள்க.) படிப்பவர் யாவர், எந்நிலையில் இருந்து படிப்பர் என்றறிந்து எழுதுதல் மொழித்தொழிலேயாதலின், அதுபற்றிக் கருத்துரைக்க எமக்கும் சிறிது உரிமையுண்டு.

1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யுப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னும் கணினிக் கம்பெனியைச் சார்ந்த கேரி துர்க் என்பார், அர்ப்பாநெட் வலையிலிருந்த ஏறக்குறைய 400 பேர்க்கு, அவர் கேளாமலே ஒரு விளம்பர மடல் விடுத்தார். பெற்றவர் மேசைமுன் அமர்ந்து அதனைப் படித்தனர். இன்று படிப்பவரோ பேருந்தில் ஒரு கையாற் கம்பியைப் பற்றி நின்று, மறு கையின் பெருவிரலால் மடல்களைத் தள்ளிக்கொண்டே செல்கின்றார். ஒரு மடலுக்கு அவர் அளிப்பது இரண்டொரு நொடியே.

இந்நிலைக்கேற்ப மடலை அமைத்தல் வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை. மேசைக் கணினிக்கென இரு பத்தியாக அமைத்த மடல் கைப்பேசியிற் சுருங்கி எறும்பெழுத்தாய்விடும். ஒரே பத்தியாக அமைப்பதே தக்கது. தலைப்பு வரியிலும் முப்பது நாற்பது எழுத்துக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வெட்டுண்டு போகின்றன. தமிழில் எழுதுவோர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும். 'பெருமதிப்பிற்குரிய எங்கள் வாடிக்கையாளர் பெருமக்களே' என்று தொடங்கின், மரியாதை மட்டும் தோன்றிச் செய்தி மறைந்துவிடும். செய்தி முன்னும் மரியாதை பின்னும் நிற்றல் நம் மரபிற்குச் சிறிது புதிதெனினும், சிறிய திரைக்கு அதுவே பொருத்தம்.

எமது குறை வேறிடத்தது. தொடுதற்குரிய இடம் நீளத்தினும் அகலத்தினும் 44 பாயிண்டுக்குக் குறையலாகாது என்பது ஆப்பிள் கம்பெனியார் செயலி அமைப்போர்க்கு வகுத்த நெறி. மடல் அமைப்போரும் இதனை நன்கறிவர். 'வாங்குக' என்னும் பொத்தானைப் பெருவிரல் தவறாதபடி அகலமாகவே அமைக்கின்றனர். ஆயின் 'இனி மடல் வேண்டா' என்று விலகுதற்குரிய 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்போ, அடியில், வெளிறிய சிற்றெழுத்தில், வேறு இணைப்புக்களோடு நெருங்கிக் கிடக்கின்றது. ஒரே பெருவிரல் வாங்குதற்குப் பெரிதாகவும் விலகுதற்கு ஊசிமுனையாகவும் மாறுமோ?

வேண்டாதார் அழித்துவிடலாமே என்பர். அழித்தல் அன்றைய மடலை மட்டுமே நீக்கும். விலகும் வழி காணாதார் சினந்து 'ஸ்பாம்' என்று குறித்துவிடுவர். அக்குறி பெருகின், அந்நிலையத்தின் மடலை விரும்பிக் கேட்டவர்க்கும் அது சென்று சேர்தல் அரிதாகும். 2024ஆம் ஆண்டில் கூகிளும் யாஹூவும், பெருந்தொகையாக விளம்பர மடல் விடுப்போர் ஒரே அழுத்தத்தில் விலகும் வழி தரல் வேண்டும் என்று விதித்தன. விதி வந்தபின்னும் மடலினுள்ளே அச்சிற்றெழுத்து மறைந்தபாடில்லை.

தமிழ் மடல்களில் இக்குறை இன்னும் மிகுதற்கு இடமுண்டு. ஏறக்குறைய 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை ஜிமெயில் இடையில் நறுக்கி, எஞ்சியதை வேறொரு இணைப்பின்பின் வைத்துவிடும். யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட்டில் அடங்க, நம் 'கு' என்னும் உயிர்மெய் ஆறு பைட் கொள்கின்றது. ஆகவே தமிழ் மடல் விரைவில் அவ்வெல்லையை எட்டும். நறுக்குண்டு மறைவது அடிப்பகுதி. விலகும் இணைப்பு இருப்பதும் அங்கேயே. நம் மொழியில் மடல் விடுப்போர் அதனை மடலின் தலைப்பகுதியிலேயே, 'வாங்குக' என்பதற்கு அளித்த 44 பாயிண்ட் அளவில் வைப்பாராக.