விவரமும் ஓர் அமானிதமே



கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்குவது இன்று நம் குடும்பங்களின் பெருஞ்செலவுகளுள் ஒன்று. பலரும் அதை இணையத்திலேயே வாங்குகிறோம். பொருளைத் தொட்டுப் பார்க்காமல், ஒரு படத்தையும் நான்கு வரி விவரத்தையும் நம்பிப் பணம் அனுப்புகிறோம்.

காணாத பொருளுக்கு முன்பணம் கொடுப்பது புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தனர். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை; அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். இது 'ஸலம்' எனப்படும். இணைய வணிகம் அனைத்தும் ஸலம் ஆகிவிடாது. ஆயினும் அதன் அளவுகோல் இங்கும் பொருந்தும். பொருள் கண்முன் இல்லாதபோது, விவரமே பொருளின் இடத்தில் நிற்கிறது.

இந்த அளவுகோலின்படி, "கோர் ஐ5, 8 ஜிபி ரேம்" என்பது முழுமையான விவரம் அன்று. ஐ5 என்ற பெயர் 2009 முதல் வழக்கில் உள்ளது. ஐ5-7200யு செயலியில் 2 கோர்கள். அடுத்த தலைமுறை ஐ5-8250யு செயலியில் 4. சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 'எச்டி திரை' என்பதும் 1366×768 ஆக இருக்கலாம். 'ஃபுல் எச்டி' என்றால்தான் 1920×1080.

எனவே விற்பவரிடம் முழு மாடல் எண்ணைக் கேட்டுப் பெறுவோம். ஒரே பெயரில் பல வகைகள் வருவதால், பெயரை மட்டும் தேடிப் பயனில்லை. அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலும், செயலியின் எண்ணை இன்டெல் தளத்திலும் ஒப்பிடுவோம். எண்ணைத் தர மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நலம். பொருள் வந்ததும், திருப்பித் தரும் காலம் முடியுமுன் சரிபார்ப்போம். விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளை விற்பவர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்கின்றன இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்.

நம் இளைஞர்கள் பலர் பழைய மடிக்கணினிகளை வாட்ஸ்அப் குழுக்களில் விற்கின்றனர். "நாம் பொய் எழுதவில்லை, அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை" என்போரும் அவர்களுள் உண்டு. இந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நனைத்தது மழை, வணிகர் அல்லர். ஆயினும் நனைந்ததை மேலே வைக்காமல் அடியில் மறைத்ததை நபியவர்கள் கண்டித்தார்கள். பேட்டரி தேய்ந்திருப்பது விற்பவரின் குற்றமன்று; அதைச் சொல்லாமல் விடுவதே குற்றம். குறையைச் சொல்லும் கடமை விற்பவருடையது. வாங்குபவர் கேட்கும்வரை அது காத்திருப்பதில்லை.

உண்மை சொல்லி விற்றால் 500 ரூபாய் குறையலாம். ஆனால் பரக்கத் அங்கேதான் இருக்கிறது. மறைக்காமல் விற்கவும் விசாரித்து வாங்கவும் அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.