பேரீச்சந் தோப்பில் முளைத்த கரிசலாங்கண்ணி

பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமுமே பலருடைய நினைவுக்கு வரும். வளைகுடாத் தோட்டங்களில் பணிபுரியும் நம் சகோதரர்கள் அறிந்த பாலைவனம் வேறு. அமீரகத்தின் அல் ஐன் போன்ற, ஆண்டு மழை மிகக் குறைவான பகுதிகளிலும் பாசன நீரால் பேரீச்சந் தோப்புகள் செழிக்கின்றன. பாசன நீர் தேங்கும் இத்தகைய தோட்டங்களில், வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் வெண்ணிறச் சிறு பூக்களுடன் ஒரு களை முளைப்பதுண்டு. நம்மவர் அதைக் கண்டதும் பெயர் சொல்லிவிடுவர்: கரிசலாங்கண்ணி.

இது அரபு மண்ணில் தோன்றிய செடியன்று. ஈரமின்றி இது வாழாது. நாற்றுகளோடு வரும் மண்ணிலும் பயிர் விதைகளின் கலப்பிலும் இத்தகைய களைகள் புதிய நிலங்களைச் சென்றடைகின்றன. நாம் நம்முடையது என்று உரிமை கொண்டாடும் இச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களே என்று தாவரவியலாளர் பலர் கருதுகின்றனர். தோட்ட உரிமையாளருக்கு இது நீரையும் உரத்தையும் திருடும் களை. நமக்கோ கூந்தல் எண்ணெய்க்கும் கீரைக்கும் மஞ்சள் காமாலைக்கும் உரிய மூலிகை.

ஒரே செடி ஒருவருக்குக் களையாகவும் மற்றவருக்கு மருந்தாகவும் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் மூலிகை என்ற பெயர் ஒன்றே அதனைப் பறித்து அருந்தப் போதுமான சான்றாகுமா என்பதே நம் வினா. போதாது என்பதே நம் கருத்து.

முதலாவது, அது நிற்கும் இடம். களையாகக் கருதப்படும் செடியின்மீது களைக்கொல்லி தெளிக்கப்பட்டிருக்கலாம். அருகிலுள்ள பயிருக்கு அடித்த பூச்சிமருந்தும் படிந்திருக்கலாம். வளைகுடா நகரங்களின் சாலையோரப் பசுமைக்குச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரே பெரிதும் பாய்ச்சப்படுகிறது. அங்கு வளர்வதை உண்ணும் கீரையாக எவரும் வளர்க்கவில்லை. மேலும், அழகுக்காக நடப்படும் மஞ்சள் பூக்கொடி ஒன்றை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று மயங்கிப் பறிப்பாரும் உண்டு.

இரண்டாவது, நோயின் காரணம். மஞ்சள் காமாலை ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். ஹெபடைட்டிஸ் ஏ என்னும் கல்லீரல் அழற்சி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அவ்வேளையில் எந்தச் சாற்றை அருந்தியிருந்தாலும் அதுவே குணமாக்கியதாகத் தோன்றும். ஆனால் ஹெபடைட்டிஸ் பி, பித்தநாளத்தை அடைக்கும் கல், கட்டி ஆகியவையும் கண்ணை மஞ்சளாக்கும். இவற்றில் இழக்கும் ஒவ்வொரு வாரமும் உயிருக்குக் கேடாகலாம். கரிசலாங்கண்ணியிலுள்ள சில சேர்மங்கள் கல்லீரலைக் காக்கும் தன்மையை ஆய்வுக்கூடச் சோதனைகளில் காட்டியுள்ளன என்பது உண்மை. ஆயினும் அது இரத்தப் பரிசோதனைக்கு மாற்றாகாது.

வேலை போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்னும் அச்சத்தால் நோயை மறைத்து, அறையிலேயே கைவைத்தியம் செய்துகொள்ளும் தொழிலாளிக்கு இச்செடி எளிய அடைக்கலமாகிறது. அந்த அச்சம் நியாயமானதே. எனினும் மறைத்த நோய் ஊதியத்தோடு உயிரையும் சேர்த்துப் பறித்துவிடக்கூடும்.

நோயைப் படைத்த இறைவன் அதற்கு மருந்தையும் படைத்துள்ளான் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி ஆவார் என்பதும் அவர்களது போதனையே. முன்னதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம், பின்னதை மறந்துவிடுகிறோம். 1248-இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தம் நூலில் தொகுத்தார். ஊர் ஊராகச் சென்று, செடிகளை நேரில் கண்டு, அறிந்தவரிடம் கேட்டு எழுதியவர் அவர். மூலிகையை மதிப்பது என்றால் அதனை ஆராய்ந்தறிவதே என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஊரிலிருக்கும் உம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரு வேண்டுகோள். கண் மஞ்சளாக இருக்கிறது என்று அலைபேசியில் கேட்டவுடன், "கரிசலாங்கண்ணிச் சாறு குடி" என்று சொல்வதற்கு முன், "இன்றே போய் இரத்தம் பரிசோதித்துக்கொள்" என்று சொல்லுங்கள். கீரையை நம் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துச் சமைப்போம். நோய்க்கு மருந்தென உண்பதானால் தகுதி பெற்ற சித்த, யூனானி மருத்துவரைக் கேட்போம். உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதனை அறிவோடு பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!