தெஹிவளை வாசலால் வெளியே போனவை எத்தனை?

தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

சிலாபத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் மிருகக்காட்சிசாலை இல்லை. ஒன்று வேண்டுமென்று கேட்க இந்த மடலை எழுதவுமில்லை. அப்படியொரு கோரிக்கை எங்கள் பக்கத்து அரசியல்வாதி யாராவது மூலம் உங்கள் மேசைக்கு வந்தால் தயங்காமல் ஒதுக்கி வையுங்கள். நான் பேச வந்தது தெஹிவளை மிருகக்காட்சிசாலையைப் பற்றி.

தெஹிவளையை இடம் மாற்றுவதா, அங்கேயே புதுப்பிப்பதா, விலங்குகளைக் குறைப்பதா என்ற பேச்சு பல அரசாங்கங்களைக் கண்டுவிட்டது. சுமார் 23 ஏக்கர் நிலம். சுற்றிவர வீடுகளும் கடைகளும். பெருப்பிக்க வழியில்லை. நெருக்கத்தைக் குறைக்க 2015இல் பின்னவலையில் ஒரு திறந்தவெளிப் பூங்காவும், 2016இல் ரிதியகமவில் 500 ஏக்கரில் சபாரிப் பூங்காவும் திறந்தீர்கள். விலங்குகளுக்கு இடம் கூடியது, அதற்கு நன்றி. ஆனால் வேலை அதே வேலைதான்: சனங்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போய், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

1920களில் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய வியாபாரி, பிடித்த விலங்குகளை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றும்வரை அடைத்து வைத்த இடம்தான் தெஹிவளை. கம்பனி நொடித்துப்போய் 1936இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. ஆக, விலங்குகள் வெளியே போவதற்கென்றே தொடங்கிய இடம் அது. அன்று அவை போனது விற்பனைக்கு. பிறகு வேறு நாட்டு மிருகக்காட்சிசாலைகளுக்குப் பண்டமாற்றாகப் போயின. அந்த வாசலால் காட்டுக்குப் போனவை எத்தனை? பாதுகாப்பை மையமாக வைத்துத் திட்டம் போடுகிறோம் என்று சொல்லும் எவரும் முதலில் விடை சொல்லவேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். வருடாந்த அறிக்கைகளில் வருகையாளர் தொகையும் வருமானமும் முன்னுக்கு நிற்கும்வரை, பாதுகாப்பு என்பது பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கும்.

எங்களுக்கு ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழியும் செடிமறைப்புமாக 1973இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு ஆலோசனை சொன்னவர் தெஹிவளையின் பணிப்பாளராயிருந்த லின் டி அல்விஸ். பின்னர் அங்கே வந்த இரவு சபாரியின் திட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. அவருடைய யோசனையை உலகமே போய்ப் பார்க்கிறது. நாங்களோ அவர் இருந்த இடத்திலேயே இன்னும் கம்பிக்குப் பின்னால் நடக்கும் விலங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

யானை விஷயத்தில் இந்த நாடு இரண்டு வழிகளையும் பரீட்சித்துப் பார்த்திருக்கிறது. தாயிழந்த குட்டிகளுக்காக 1975இல் தொடங்கிய பின்னவலை யானைகள் இல்லம், 1978இல் உங்கள் திணைக்களத்தின் கைக்கு வந்தது. அங்கே குட்டிகள் பிறந்தன, கூட்டம் பெருகியது, உல்லாசப் பயணிகள் வந்தார்கள். வளர்ந்த யானைகளில் சில விகாரைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போயின. இருபது வருடங்கள் கழித்து, 1995இல், வனசீவராசிகள் திணைக்களம் உடவளவையில் யானைக்குட்டிகளுக்கான இடைத்தங்கல் இல்லத்தைத் தொடங்கியது. அங்கே பார்வையாளர் தூரத்து மேடையில்தான் நிற்கவேண்டும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை குட்டிகள் வரிசையாக ஓடிவரும். புனல் வைத்த குழாயால் பால் இறங்கும். குடித்து முடிந்ததும் முதுகில் ஒரு தட்டு, மறுபடி பற்றைக்குள். தடவ முடியாது, மடியில் வைத்துப் படம் எடுக்க முடியாது. ஐந்து வயதளவில் கூட்டமாகக் காட்டில் விடப்படுகின்றன. இப்படி நூற்றுக்கு மேற்பட்டவை போய்விட்டன. அவற்றில் சில காட்டிலேயே குட்டியும் போட்டிருக்கின்றன. மனிதரோடு பழகிவிட்ட பின்னவலை யானைகளை இனிக் காட்டில் விடுவது லேசல்ல என்பது எனக்கும் தெரியும். புதிதாக எதையாவது தொடங்கும்போது எந்த மாதிரியைப் பின்பற்றுவது என்பதில் மட்டும் இனிக் குழப்பம் வேண்டாம்.

நிலம் போதாது என்ற பதிலும் வரக்கூடும். ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் தொடங்கிய முதலைப் பண்ணையின் பரப்பு எட்டு ஏக்கர் சொச்சம்தான், தெஹிவளையில் பாதிகூட இல்லை. அங்கிருந்து நூற்றுக்கணக்கான முதலைகள் இந்தியாவின் பல மாநிலக் காப்பகங்களுக்குப் போயின. பிறகு கொண்டுபோய் விட இடமில்லாமல் பெருக்குவதையே நிறுத்த வேண்டிவந்தது. சின்ன இடத்தில் செய்யலாம் என்பதை அந்தப் பண்ணை காட்டியது. வெளியே காடும் ஆறும் மிஞ்சியிருக்காவிட்டால் செய்தும் பலனில்லை என்பதையும் அதே பண்ணைதான் காட்டியது.

எங்கள் கரையோரம் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். ஒரு மாரிக்காலம், முந்தல் பக்கத்து இறால் பண்ணைக் காவலாளி ஒருவர் பிஸ்கட் பெட்டிக்குள் ஒரு குட்டியைக் கொண்டுவந்து, புலிக்குட்டி என்று காட்டினார். சாம்பல் நிறம், கரும்புள்ளி, கட்டை வால். முன்னங்காலை மெல்ல விரித்துப் பார்த்தால் விரல்களுக்கிடையில் தோல். மீன்பிடிப் பூனை. புலியென்று பயந்தே இவற்றை அடித்துப் போடுபவர்கள் உண்டு. மிச்சத்தை வீதி வாகனங்கள் பார்த்துக்கொள்ளும். அதிகாரிகளுக்குச் சொல்லி அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். ஆனால் வனசீவராசி வைத்தியர் நிக்கவரட்டியவில், மறுவாழ்வு நிலையம் கொழும்புக்குப் பக்கத்து அத்திடியவில். பால்குடிக் குட்டிக்கு அது எவ்வளவு தூரம்! தெஹிவளையில் மீன்பிடிப் பூனையைக் கூண்டில் பார்த்த எங்கள் பிள்ளைகள், அது தங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கண்டல் காட்டில் திரிகிறது என்று தெரியாமலே திரும்பி வந்தார்கள். சிங்கத்தின் முன்னால் நின்று படம் எடுக்கத்தான் அவர்களுக்கு நேரம் இருந்தது.

சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தான் சரணாலயம் 2001இல் ராம்சார் ஈரநிலமானது. ஒன்றுக்குள் ஒன்று வழிந்தோடும் பழைய குளங்களும் அவற்றின் முடிவில் கண்டலும் அதற்குள் அடங்கும். சுற்றிவர இறால் பண்ணைகள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைக் கவிழ்த்தபோது, கண்டலை வெட்டி அமைத்த குட்டைகள் பல அப்படியே கைவிடப்பட்டன. மண்ணில் உப்பு ஏறிப்போய், இன்றைக்கும் சும்மா கிடப்பவை உண்டு. அதே கரையோரத்தில், சிலாபத்துக்கு அருகே பம்பலையில், 2016இல் கண்டலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். உலகிலேயே முதலாவது என்றார்கள். கூண்டு ஒன்றுகூட இல்லாத அந்த இடத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது, பத்துக் கூண்டுகளுக்கு முன்னால் நின்று கற்பதைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

தெஹிவளையின் 23 ஏக்கரில் வெளிநாட்டுப் பெரிய விலங்குகளை இனிப் புதிதாகச் சேர்க்காதீர்கள். இருப்பவை ஆயுள் முடியும்வரை நன்றாக வாழட்டும். மிஞ்சும் இடத்தை எங்கள் தீவுக்கே உரிய சிறிய உயிர்களுக்குக் கொடுங்கள். கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமட அருகே ஓர் ஓடையில் கண்டறியப்பட்ட பந்துல பெத்தியா என்ற சின்ன மீன் அழிவின் விளிம்பில் நிற்கிறது. உங்கள் பின்னவலையும் அதே மாவட்டம்தான். அந்த மீனைப் பெருக்க யானைக் கொட்டில் தேவையில்லை, நாலைந்து தொட்டியும் பொறுமையான ஓர் ஆளும் போதும். டிக்கெட் விற்காது என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் அது அரசின் வேலை.

எங்கள் கரைக்கு வேண்டியது காயம்பட்ட பூனைக்கும் நீர்நாய்க்கும் வலையில் சிக்கிய ஆமைக்கும் ஒரு சின்ன மறுவாழ்வு நிலையம். பொதுமக்களுக்குத் திறக்காததாக இருக்கவேண்டும். விலங்குகளைக் கூண்டில் வளர்க்கத் தெரிந்தவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள், அவற்றை விடவேண்டிய காடு வனசீவராசிகள் திணைக்களத்திடம் இருக்கிறது. இரண்டு திணைக்களமும் ஒரு மேசையில் இருந்து கையெழுத்துப் போடாமல் இது நடக்காது. 2023இல் மிருகக்காட்சிசாலைகளுக்கென்று சொல்லி ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்து, நீதிமன்றம்வரை போய் அடங்கியது. மிருகக்காட்சிசாலை என்ற பெயரையே சனங்கள் சந்தேகமாய்ப் பார்க்க அந்த ஒரு பேச்சே போதுமாயிருந்தது. அதனால் தெஹிவளைக்கான திட்டத்தை மூடிய அறைக்குள் முடிக்காதீர்கள்.

அந்தத் திட்டத்தின் வரைவை மூன்று மொழியிலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். தமிழ்ப் பிரதி கருத்துச் சொல்லும் காலம் முடிந்தபிறகு வருவதைப் பலமுறை பார்த்தவர்கள் நாங்கள். உடப்பு மீனவரும் முந்தல் பண்ணைக் காவலாளியும் படித்துப் பதில் எழுத இரண்டு மாதமாவது கொடுங்கள். அந்த வரைவின் முதல் பக்கத்தில், அடுத்த பத்து வருடத்தில் எந்தெந்த விலங்கு, எத்தனை, எந்தக் காட்டுக்கு என்று ஓர் அட்டவணை இருந்தால் மற்றப் பக்கங்களை நாங்கள் ஆறுதலாகப் படித்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சிலாபத்து வாசகர் ஒருவர்