தரைக்கடியிலும் மூச்சு வேண்டும்



சென்ற திங்களில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் இங்கிலாந்தில் பணிபுரிகிறார். நூறு ஆண்டுகளைக் கடந்த பழைய வீடொன்றைக் கடன்பட்டு வாங்கியிருக்கிறார். குளிர்காலத்தில் கீழ்த்தளத் தரை சில்லிட்டுப் போவதால், தவழும் பேரக்குழந்தையைக் கீழே விட முடியவில்லையாம். ஆள் வைத்துச் செய்யப் பணமில்லாமையால், விடுமுறையில் தாமே தரைக்குக் குளிர்காப்பு அமைக்கப் போகிறாராம். “இதில் ஆபத்து ஏதும் உண்டா, சுவாமி?” என்று அத்தாய் கேட்டார்.

இவ்வேலையில் நாமே ஒருமுறை தவறிழைத்திருக்கிறோம். ஆதலால் நாம் கற்ற பாடத்தை அவருக்கு மட்டுமன்றி, பிள்ளைகளைக் குளிர்நாடுகளுக்கு அனுப்பியுள்ள எல்லாப் பெற்றோருக்கும் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

விக்டோரியா அரசியின் காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, அந்நாட்டில் எழுந்த வீடுகள் பலவற்றின் தரை நம் வீட்டுத் தரை போன்றதன்று. மண்ணுக்கு மேலே ஓர் இடைவெளி விட்டு, குறுக்கே மர உத்திரங்களை வைத்து, அவற்றின்மீது பலகை அடித்திருப்பார்கள். வெளிச்சுவரின் அடியில் துளையிட்ட செங்கற்களைப் பதித்திருப்பார்கள். ஒருபுறத்துத் துளை வழியே நுழையும் காற்று, மண்ணிலிருந்து எழும் ஈரத்தை வாரிக்கொண்டு மறுபுறம் வெளியேறும். மரம் உலர்ந்திருப்பது அக்காற்றினால்தான். பலகை இடுக்குகளின் வழியே அறைக்குள் ஏறிக் காலைச் சில்லிட வைப்பதும் அதே காற்றுதான்!

அந்நாட்டுப் பங்கொன்றில் நாம் மூன்றாண்டுகள் பணியாற்றியபோது, இத்தகைய குருமனையில் தங்கியிருந்தோம். முதற் குளிர்காலத்திலேயே, நம்மை மிகுந்த அறிவாளி என்று எண்ணிக்கொண்டு, பழைய செய்தித்தாள்களையும் கந்தல்களையும் திணித்து அத்துளைகளை அடைத்துவிட்டோம். குளிர் குறைந்தது, நாமும் மகிழ்ந்தோம். இரண்டு குளிர்காலம் கழிந்தபின் அறையில் பூசண நாற்றம் எழுந்தது. முதியவரான தச்சர் ஒருவர் வந்து பலகையைப் பெயர்த்தார். சுவரில் ஊன்றியிருந்த உத்திர முனையில் அவர் திருப்புளியை வைத்து அழுத்த, அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது! மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டினால் காளான் வகைகள் அதைத் தின்னத் தொடங்கும் என்று அவர் விளக்கினார். அவற்றுள் மிகக் கொடியதற்கு ‘செர்ப்புலா லாக்ரிமான்ஸ்’ என்று பெயர். ‘லாக்ரிமான்ஸ்’ என்றால் இலத்தீனில் ‘கண்ணீர் வடிப்பது’ என்று பொருள். அதன் உடலில் நீர்த்துளிகள் அரும்புவதால் அப்பெயர். வீட்டுக்காரரையும் அது கண்ணீர் வடிக்கச் செய்யும்.

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? நம் ஊரில் பனிக்கட்டி விற்போர் அதை மரத்தூளில் புதைத்துச் சாக்கினால் மூடுவதைக் கண்டிருக்கிறீர்கள். தூளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. தரைக்கும் இதுவே வழி. பலகைகளுக்கு எண்ணிட்டு ஒவ்வொன்றாய்ப் பெயர்த்து, உத்திரங்கள் உறுதியாக உள்ளனவா என்று முதலில் சோதிக்க வேண்டும். ஈரமிருந்தால் அதன் காரணத்தை நீக்காமல் மேற்கொண்டு வேலை செய்யலாகாது. ஒழுகும் மழைநீர்க் குழாயோ, வெளியே துளைகளை மூடிக் கிடக்கும் மண்மேடோ காரணமாயிருக்கலாம். பிறகு உத்திரங்களின்மீது வலையைப் போட்டு, இடையிடையே தொட்டில்போல் தொங்கவிட்டு, பாறையை உருக்கி நூலாக்கிய கனிமக் கம்பளியை அதில் இட வேண்டும். நசுக்கித் திணிக்கவும் கூடாது. சந்து விடவும் கூடாது. அதன்மேல் பலகைகளை மீண்டும் அடித்து, சுவரோர இடுக்குகளை அடைத்துவிடலாம். கையுறை, முகமூடி, கண்காப்பு ஆகியவை இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது.

குளிர்காப்பு அமைந்தபின் தரைக்கடியிலுள்ள வெற்றிடம் முன்னிலும் குளிர்ந்துவிடும். ஆகவே துளைச் செங்கற்கள் முன்னிலும் அதிகமாகத் தேவை. அவற்றில் ஒன்றையும் மூடலாகாது. அங்குச் செல்லும் தண்ணீர்க் குழாய்கள் உறையாதபடி அவற்றுக்கும் உறை சுற்ற வேண்டும். மின்கம்பிகளைக் கம்பளிக்குள் புதைக்குமுன் மின்பணியாளரைக் கேட்க வேண்டும். பழைய குழாய்களின்மேல் ஏற்கெனவே ஏதேனும் பூச்சோ கட்டோ இருப்பின் அதைத் தொடவே கூடாது. அது கல்நாராக இருக்கக்கூடும். பிரித்தானியா அதை முழுமையாகத் தடைசெய்தது 1999-இல்தான். அறையில் எரிவாயு அடுப்போ கணப்போ இருந்தால், இடுக்குகளை அடைக்குமுன் அதற்குத் தனிக் காற்றுவழி உண்டா என்று தக்கவரைக் கொண்டு பார்க்க வேண்டும். இல்லையேல் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சு, உறங்குவோரின் உயிரையே பறித்துவிடும்.

இவற்றையெல்லாம் அத்தாயிடம் எழுதிக் கொடுத்தோம். மகன் தம் கையாலேயே செய்யட்டும், அதில் தவறில்லை. ஆயினும், தம் குழந்தைக்குக் குளிர் தாக்கக் கூடாது என்ற அன்பே நாம் செய்த பிழையை அவரையும் செய்யத் தூண்டக்கூடும் அன்றோ? ஆகவே, அத்தகைய வீடுகளில் பிள்ளைகள் வாழும் பெற்றோரே, அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, “சாப்பிட்டாயா?” என்று கேட்டபின் இதையும் கேளுங்கள்: “சுவரடித் துளைகள் திறந்திருக்கின்றனவா?”